அமெரிக்கச் சம்பந்திகள் வீடு பார்க்க வந்தது

எனக்கு எழுத்து சுத்தமாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எங்கே புள்ளி வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்பதெல்லாம் அந்தக் காலத்து டீச்சரோடு போய்விட்டது. நடந்ததும் முன்னே பின்னே மாறித்தான் நினைவுக்கு வருகிறது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிடலாமே என்றால், நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்காது. என் நாத்தனாருக்குத் திறக்கும். பாலவனத்தத்தில் பஸ் ஏறினால் அருப்புக்கோட்டையில் இறங்குவதற்குள் அவர் இந்தக் கதையை முழுசாகச் சொல்லி முடித்துவிடுகிறார். அவர் சொல்கிற கதையில் நான் இல்லவே இல்லை. சட்டி பானை கழுவக்கூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருச்சுழிக்குப் பக்கம். கரிசல் காடு. மழை பெய்தால் கொத்தமல்லியும் பருத்தியும் விளையும், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம் தானாக விளையும். எங்களுக்கு ஒரே மகன். கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சென்னைக்குப் போனான், அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனான். எப்போதும் போனில் அப்பாவிடம் மழை உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் என்னிடம் பேசுவான். ஒரு நாள் மழையை விசாரிக்காமல் என்னிடம் பேசினான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ இருக்கிறது என்று. கூட வேலை பார்க்கிற அமெரிக்கப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறானாம்.

என் வீட்டுக்காரர் கொஞ்ச நாளைக்குச் சாப்பிட மட்டும் வாயைத் திறந்தார். அவருக்கும் சேர்த்து அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், பேசினார். அவருக்கு வருத்தம் இருக்கத்தானே செய்யும். தன் கடைசி மகளை என் மகனுக்கு என்று அவராகவே முடிவு செய்து வைத்திருந்தார். அந்தப் பிள்ளை விருதுநகரில் வேலைக்குப் போய்வந்துகொண்டு, இந்தப் பேச்சு எடுத்தாலே காதில் ஒயரை மாட்டிக்கொள்ளும். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

முதலில் நாத்தனார் கேட்டது, வெள்ளைக்காரர்களில் அவர்கள் என்ன ஆட்கள் என்று. என் மகன் போனில் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு, பெண்ணின் அப்பாவுடைய முன்னோர்கள் ஜெர்மனியில் இருந்து வந்தவர்கள், அம்மாவுடைய முன்னோர்கள் அயர்லாந்தில் இருந்து வந்தவர்கள் என்று சொன்னான். நாத்தனார் யோசித்துப் பார்த்து, ஜெர்மனிக்காரர்கள் மிஷின் நன்றாகச் செய்வார்கள், அதனால் அப்பா வழி உசத்தி, அம்மா வழி விசாரிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். யாரிடம் விசாரிப்பார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடைசியில் என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். "பொண்ணு வீட்டுக்காரக வரட்டும். வீட்டப் பாக்கட்டும். பிடிச்சிருந்தா ஒக்காந்து கை நனைக்கட்டும். அதுக்குப் பெறகு பூ வைப்போம். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

எங்கள் பக்கத்து முறை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவார்கள். வீடு, கிணறு, காடு, மாடு எல்லாம் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பிறகு பெண்ணுக்குப் பூ வைத்து நிச்சயம் செய்வோம். பிடிக்கவில்லை என்றால் சாப்பிடாமல் எழுந்து போய்விடுவார்கள். பிடிக்கவில்லை என்று யாரும் வாயால் சொல்வதில்லை. சாப்பிடாமல் போனால் அதுதான் பதில். அதற்குப் பிறகு இரண்டு வீட்டாரும் கடைவீதியில் பார்த்தால் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

இந்த முறைக்கு ஒத்துவராவிட்டால் என்ன செய்வாய் என்று மகனிடம் கேட்டேன். அங்கேயே ஆபீஸில் பதிவு செய்துகொள்வோம் அம்மா, நீ போனில் பார்க்கலாம் என்றான். பெற்ற ஒரே பிள்ளையின் கல்யாணத்தை, போனில் சார்ஜ் இருக்கிற வரைக்கும் பார்க்கலாம். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆடி பிறப்பதற்குள் வரச் சொன்னோம். பெண்ணின் அம்மா பள்ளிக்கூடத்து டீச்சர், அப்போது லீவும் இருந்ததாம். பெண்ணுக்கு லீவு இல்லை, அவள் வரவில்லை. வீடு பார்க்கப் பெண்ணைக் கூட்டி வராததுதான் நம் முறை. அவர்களுக்குத் தெரியாமலேயே அந்த ஒன்று மட்டும் சரியாக நடந்தது.

என் மகன் முன்கூட்டியே வந்துவிட்டான். வந்ததும் வீட்டைப் பார்த்து முகம் சுளித்தான். அவன் பிறந்த வீடுதான் அது. கக்கூஸை உட்காருகிற மாதிரி மாற்றினான். ஒரு ரூமுக்கு ஏசி போட்டான். எங்கள் ஊர் கரண்டுக்கு அந்த ஏசி ஓடினால் ஃபேன் நின்றுவிடும், லைட் சிவந்துவிடும். ஊருணித் தண்ணீரில் குதித்து, அதையே குடித்து வளர்ந்த பிள்ளை, கேன் தண்ணீரைத் தட்டிப் பார்த்து மூடியில் சீல் இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு எங்களையெல்லாம் உட்கார வைத்துப் பாடம் நடத்தினான். அவர்களிடம் வயசு கேட்கக் கூடாது. சம்பளம் கேட்கக் கூடாது. ஏன் ஒரே பிள்ளையோடு நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்கக் கூடாது. கன்னத்தைத் தொட்டு நெட்டி முறிக்கக் கூடாது. ஜன்னல் வழியாகப் பார்க்கக் கூடாது. பிறகு எதற்குத்தான் வருகிறார்கள் என்று நாத்தனார் கேட்டார். அது நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது.

நமக்குத்தான் பாடம் என்று நினைத்தேன். அவர்களுக்கும் இருந்திருக்கிறது. அவர்கள் ஊரில் வெளிநாடு போகிறவர்கள் படிப்பதற்கென்றே புத்தகம் விற்கிறார்களாம். எந்தக் கையால் வாங்குவது, எந்தக் கையால் கொடுப்பது, எதைத் தின்பது, எதைத் தொடக் கூடாது எல்லாம் அதில் இருக்குமாம். நம்மைப் பற்றி யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள், நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

அன்றைக்கு விடிவதற்கு முன்னால் கிடா அறுத்துச் சமையல் முடிந்துவிட்டது. அருப்புக்கோட்டை லாட்ஜில் தங்கியிருந்து பத்து மணிக்கு வருகிறோம் என்றவர்கள், வழியில் ஆட்டையும் பனைமரத்தையும் சுவரில் தட்டியிருந்த சாணி எருவாட்டியையும் போட்டோ எடுத்துக்கொண்டு மதியம் தாண்டி வந்து சேர்ந்தார்கள். எருவாட்டியை மட்டும் நாலு பக்கத்தில் இருந்தும் எடுத்தார்களாம்.

கார் தெருவில் நின்றது. இறங்கியதும் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். வீட்டுக்குள் செருப்புப் போடக் கூடாது என்று புத்தகத்தில் இருந்திருக்கிறது. வீடு எங்கே ஆரம்பிக்கிறது என்று இல்லை போலும். தெருவில் இருந்து எங்கள் வாசலுக்கு ஒரு கருவேலங்காடே தாண்ட வேண்டும், அதுவும் ஆனி மாசத்து வெயிலில். அந்த மனுஷன் மாரியம்மன் கோயில் பூக்குழியில் இறங்கியவர் மாதிரி தாவித் தாவி வந்தார். அந்த அம்மா முள்ளை மிதித்தும் சிரித்த முகம் மாறவில்லை. எதிரே வந்த எல்லோரையும் கும்பிட்டார்கள். எங்களைக் கும்பிட்டார்கள், டிரைவரைக் கும்பிட்டார்கள், பந்தல் போட வந்தவரைக் கும்பிட்டார்கள். அவர் பதறிப்போய்ப் பந்தல் கயிற்றை விட்டுவிட்டார்.

அந்த மனுஷன் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே இருந்தார். உட்கார்ந்தாலும் அப்படித்தான், எழுந்தாலும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, பாவம், அவருக்கு அந்தக் கை வாதத்தில் விழுந்திருக்கிறது, பையன் நம்மிடம் மறைத்துவிட்டான் என்று சொன்னார். மகனிடம் கேட்டால், இடது கையை நீட்டினால் நாம் கோபித்துக்கொள்வோம் என்று புத்தகத்தில் இருக்கிறதாம். நீட்டினால்தானே? கையை வெட்டிப் போட்டுவிட்டா வரச் சொன்னோம்?

நாத்தனார் அவர்கள் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கேட்கக் கூடாததை எல்லாம் வரிசையாகக் கேட்டார். வயசு, சம்பளம், பென்ஷன் உண்டா, ஏன் ஒரே பிள்ளை, அந்த அம்மாவின் பல் சொந்தப் பல்லா. ஒவ்வொன்றுக்கும் என் மகன் இங்கிலீஷில் இரண்டே வார்த்தை சொன்னான். அவர்கள் வானத்தைப் பார்த்து ரொம்ப சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பல்லைப் பற்றிக் கேட்டால் யாரும் வானத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பது தெரியும்.

வீட்டைப் பார்த்தார்கள். கிணற்றைப் பார்த்தார்கள். காட்டைப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று தமிழிலேயே சொன்னார்கள். தண்ணீரில்லாத கிணற்றுக்கும் அதையே சொன்னார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பந்தலில் இலை போட்டோம். சொந்தக்காரர்கள் எல்லோரும், சம்பந்திகள் முதல் கவளம் எடுக்கட்டும் என்று காத்திருந்தார்கள். காற்று அடித்து இலை பறந்தது. இலை பறக்காமல் இருக்க டம்ளரில் தண்ணீர் வைத்தோம். அவர்கள் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா புடவை கட்டியிருந்தாலும் கீழே உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் நான் செய்கிறேன் என்று என் கையில் இருந்த செம்பை வாங்கி, அவர்கள் இலையில் தாராளமாகத் தண்ணீர் தெளித்து, தன் கையாலேயே துடைத்து வழித்துவிட்டார். வந்தவர்களுக்கு மரியாதை செய்கிறாராம். சோறு வைத்தோம், கறி ஊற்றினோம்.

அவர்கள் இலையைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த மனுஷனின் முகம் வேர்த்தது. அந்த அம்மா கும்பிட்டார். அவர் கும்பிட்டார். என் மகனிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார்கள். அவன் முகம் வெளிறி, அவர்கள் லாட்ஜிலேயே சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார்கள், வயிறு நிறைந்திருக்கிறதாம் என்றான். இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். எழுந்து போய்க் காரில் உட்கார்ந்து பையில் இருந்து பிஸ்கட் எடுத்துத் தின்றதைப் பந்தலில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். வயிறு நிறைந்தவர்கள் அவ்வளவு வேகமாக பிஸ்கட் தின்று நான் பார்த்ததில்லை.

எழுந்ததற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். நாத்தனார்தான் அதை எடுத்துச் சொன்னார்.

"பிடிக்கலன்னு சொல்லிட்டாகல்ல. அம்புட்டுத்தான் தம்பி. அவுகளுக்கே வேண்டாமாம்."

என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விட்டார். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் சாப்பிடாமல் எழுந்தார்கள், பாதிப் பேர் எழுந்த மாதிரி காட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். சம்பந்தம் முறிந்தது என்று சொன்ன நாத்தனார் எழுந்திருக்கவே இல்லை. சாப்பிட்டார். இரண்டாம் தடவை கறியும் கேட்டு வாங்கினார். சமைத்ததை வீணாக்கக் கூடாது இல்லையா.

சாயந்திரம் வீட்டில் பெரிய சண்டை. மகன் சொன்னான், அவர்கள் மதுரையில் கண்ணாடி வைத்த பெரிய ஹோட்டலில் பச்சைக் காய்கறி தின்று, மாமா விடிய விடிய கக்கூஸில் இருந்தார், அந்தப் பயம், மற்றபடி வீட்டின் மேல் ஒரு குறையும் இல்லை என்று. என் வீட்டுக்காரர், நாம் என்ன கிடாயைப் பச்சையாகவா வைத்தோம் என்று கேட்டார். அவர்கள் ஊர்ப் பழக்கம் வேறு அப்பா என்றான். வீடு பார்க்க வந்தது நம் ஊரிலா அவர்கள் ஊரிலா என்றார் இவர். சொந்தக்காரர்கள் இத்தனை பேர் முன்னால் சாப்பிடாமல் எழுந்த வீட்டில் பூ வைத்தால், நாளைக்கு ஒரு பயல் என் வீட்டு விசேஷத்துக்கு வர மாட்டான் என்றார். அப்படியானால் அங்கேயே பதிவு செய்துகொள்கிறேன் என்றான் மகன். செய்துகொள் என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவே இல்லை. நான் மிஞ்சிய கறியைச் சூடு பண்ணி பிரிட்ஜில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அவர்கள் திருச்சுழி கோயிலைப் பார்த்துவிட்டு, மதுரைக்குப் போகிற வழியில் சொல்லிக்கொண்டு போக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சம்பந்தம் முறிந்த வீட்டுக்கு மறுநாளே சிரித்துக்கொண்டு வருகிறவர்களை எங்கள் ஊர் அப்போதுதான் பார்த்தது. தாங்கள் முறித்தது அவர்களுக்குத்தான் தெரியாதே. மகனும் சொல்லவில்லை. அவன் படித்த படிப்பில் அதற்கு இங்கிலீஷ் இல்லையாம்.

நாத்தனார் ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டிருந்தார், துக்க வீட்டில் ஆறுதலுக்குத் தங்குகிற மாதிரி. முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களைப் பார்த்தும் வாங்க என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு அப்படி இருக்கத் தெரியாது. அந்த மனுஷன் வேப்பமரத்தடியில் நின்ற டிராக்டரைப் பார்த்ததும், பின்னால் கட்டியிருந்த இடது கை தானாக முன்னால் வந்துவிட்டது. இரண்டு கையாலும் மூடியைத் தூக்கினார். இவரும் போய்க் குனிந்தார். இவருக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் டிராக்டரைப் பற்றி இரண்டு பேரும் நிறையப் பேசிக்கொண்டார்கள். ஆயில் பார்க்கிற கம்பியை உருவி உருவித் தோள் துண்டில் துடைத்துத் துடைத்துக் காட்டினார் இவர். அவர் ஜெர்மனி வழி என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நான் அடுப்படியில் மகனுக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் நிழல் விழுந்தது. திரும்பினால் அந்த அம்மா, கையில் பிளாஸ்குடன். விரலை எல்லாம் மேலே மேலே ஆட்டிக் காட்டினார். கொதிக்கிற தண்ணீர் வேண்டுமாம். அடுப்பில் வைத்தேன். தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் நிற்க வேண்டுமே. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தமிழ் தெரிந்தவர்கள் முன்னாலேயே எனக்குப் பேச்சு வராது, இவரிடம் என்ன பேசுவது? சும்மா நிற்க முடியாமல், கல்லில் இருந்த தோசையை எடுத்து ஒரு தட்டில் போட்டு, பொடியும் எண்ணெயும் வைத்து நீட்டிவிட்டேன். நீட்டிய பிறகுதான் முந்தின நாள் நடந்தது நினைவுக்கு வந்தது.

அந்த அம்மா தட்டைப் பார்த்தார். கல்லில் இருந்து எழும்பிய புகையைப் பார்த்தார். நின்றபடியே பிய்த்து வாயில் வைத்தார். பொடி காரத்தில் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு தட்டை நீட்டினார். இன்னொன்று போட்டேன். அதையும் தின்றுவிட்டு வாசலைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தார், நாங்கள் காட்டில் இருக்கிறவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரியே. அந்த மனுஷன் வந்தார். அவரும் நின்றுகொண்டே தின்றார். எனக்கு மாவைக் கல்லில் ஊற்றுகிறோமா, கீழே ஊற்றுகிறோமா என்றுகூடத் தெரியவில்லை.

மகன் வந்து பார்த்துவிட்டுத் திகைத்து நின்றான். அந்த அம்மா வாயில் தோசையோடு அவனிடம் நீளமாக ஏதோ சொன்னார். அவன் கேட்டுக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். அதற்குள் நாத்தனார் அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டார். பின்னால் என் வீட்டுக்காரரும் நின்றார்.

"இப்பச் சாப்பிட்டா ஆச்சா?" என்றார் நாத்தனார். "நின்னுக்கிட்டுத் தின்னா அது பசிக்குத் தின்னது. எலை போட்டு ஒக்காந்து தின்னாத்தான் சம்பந்தம்."

"அத்தை, அவுக நேத்தும் சாப்பிடத்தான் ஒக்காந்தாக," என்றான் மகன். "கொதிக்கக் கொதிக்க இருந்தாச் சாப்பிடலாம்னுதான் அவுக புஸ்தகத்துல இருக்கு. நீங்க எலையில பச்சத் தண்ணியத் தெளிச்சீக பாருங்க, அதுலதான் பயந்துட்டாக. தண்ணிதான் அவுகளுக்கு ஆகாது."

"எலையில தண்ணி தெளிக்காம மாடா திங்கிது?"

"தெளிச்சது நீங்கதான அத்தை."

"ஆமாய்யா, மருவாதி செஞ்சது ஏங் குத்தம்," என்றார் நாத்தனார், தம்பியைப் பார்த்து. "நீயே சொல்லு தம்பி. எலை இல்ல, பந்தி இல்ல. இது ஒரு சாப்பாடா? ஊரு ஒத்துக்கிருமா?"

 அக்கா கேட்டால் என் வீட்டுக்காரர் ஆமாம் என்று சொல்லிக் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் கார் மதுரைக்குப் போய்விடும், பிறகு நான் கல்யாணத்தைப் போனில்தான் பார்க்க வேண்டும். எனக்குள் என்ன புகுந்ததோ தெரியாது. தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

"மதினி, நேத்து நீங்க எலை போட்டு ஒக்காந்துதான சாப்பிட்டீக. ரெண்டாந்தரம் கறியும் வாங்குனீக. அது எந்தச் சம்பந்தத்துக்கு?"

 நாத்தனார் என்னைப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளில் இருந்து என்னைப் பார்த்தவர், அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தார்.

"ஏத்தா," என்றார். "ஒனக்குப் பேச்சு வருமா?"

என் மகன் அதை இங்கிலீஷில் சொல்லாமலே அந்த அம்மா சிரித்துவிட்டார். என்ன புரிந்ததோ. என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"எலதானக்கா வேணும்? எல கெடக்கு."

முந்தின நாள் மிஞ்சிய இலைக்கட்டு அடுப்படி மூலையில் நனைந்த சாக்குக்குள் கிடந்தது. அவரே போய் இரண்டு இலையை உருவிக்கொண்டு வந்து பட்டாசாலைக் கூடத்தில் போட்டார். இலையில் ஈரம் இருந்தது. தண்ணீர் ஆகாது என்று மகன் சொன்னதை அவர் காதில் வாங்கியிருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். வேர்வை துடைத்த துண்டு, மாடு பிடித்த துண்டு, சற்று முன்னால் டிராக்டர் ஆயிலைத் துடைத்த துண்டு. அதைக்கொண்டு அந்த இலைகளை நுனியில் இருந்து அடி வரைக்கும் அழுத்தி, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்துக் கொடுத்தார். அவர் இன்னொருவருக்கு இலை துடைத்து நான் பார்த்ததில்லை. எனக்கே துடைத்ததில்லை.

என் மகன் முகத்தில் ரத்தம் இல்லை. அப்பா, அப்பா என்றான்.  ஆனால் அவர்கள் இரண்டு பேருக்கும் ஈரம் காய்ந்த இலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். துண்டைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை போலும்.

தோசையோடு என்ன வைப்பது என்று பார்த்தேன். முந்தின நாள் கறிதான் இருந்தது. சட்டியில் ஊற்றிக் குமுறக் குமுறக் கொதிக்க வைத்துக் கொண்டுபோய் ஊற்றினேன். புதிதாக வைத்தபோது வேண்டாம் என்று எழுந்தவர்கள், பழையதை வழித்து வழித்துத் தின்றார்கள். கொதித்ததே, அதனால் நல்லதாம். அந்த மனுஷன் இடது கையை மறுபடியும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எலும்பை ஒற்றைக் கையால் கடிக்கப் பட்ட பாட்டை நான் சிரிக்காமல் பார்க்க வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்து, சும்மா ரெண்டு கையும் வைங்க சம்பந்தி என்று சொன்னார். அந்த வார்த்தை அவர் வாயில் இருந்து வந்ததும் நான் அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகைதான் என்று மகனிடம் சொன்னேன்.

நாத்தனாரும் உட்கார்ந்தார். அவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இலை எடுத்த கையோடு ஆள் விட்டுப் பாளையம்பட்டியில் இருந்து பூ வாங்கி வந்தார்கள். பெண் இல்லாததால் பூவைப் பெண்ணின் அம்மாவுக்கு வைத்தோம். அந்த முடியில் பூ நிற்கவில்லை, நாத்தனார்தான் தன் தலையில் இருந்து ஊசியை எடுத்துக் குத்திவிட்டார். பிறகு அவர்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கருவேலங்காட்டைத் தாண்டிக் காரில் ஏறினார்கள்.

பிளேன் ஏறி ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் எனக்குத் துண்டு நினைவாகவே இருந்தது. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வயிற்றுப்போக்கு வந்தது என் மகனுக்குத்தான். கேன் தண்ணீர் மட்டுமே குடித்தவனுக்கு. திருச்சுழி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வந்தான்.

கல்யாணம் தை மாசம் எங்கள் வீட்டுப் பந்தலிலேயே நடந்தது. தாலி கட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். சம்பந்திகள் பந்தியில் உட்கார்ந்தபோது, எங்கள் ஊர்ப் பெரிய மனுஷர்கள் ஒவ்வொருவராகப் போய் அவர்கள் இலையைத் தங்கள் தங்கள் துண்டால் துடைத்துவிட்டார்கள். அமெரிக்கர்களுக்கு அதுதான் மரியாதை என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். அந்த அம்மாவும் அது நம் ஊர் வழக்கம் என்று நினைத்து, வந்திருந்த தன் அண்ணனுக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் திருத்தவில்லை.

நான் எழுதியதில் முன்னே பின்னே இருக்கலாம். வந்தது வெள்ளிக்கிழமையா வியாழக்கிழமையா என்பதும், அந்த அம்மாவின் முன்னோர்கள் அயர்லாந்துதானா, நான் வேறு எதையோ எழுதிவிட்டேனா என்பதும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது என் மகனிடமோ மருமகளிடமோ கேட்டுச் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். என் நாத்தனாரிடம் கேட்க வேண்டாம். சம்பந்தியம்மாவிடம் கேட்டாலும் கேளுங்கள், ஆனால் அந்தத் துண்டில் என்ன இருந்தது என்பதை மட்டும் இங்கிலீஷில் சொல்லிவிடாதீர்கள்.